கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும் வேலை

இந்திய விமானப்படையில் நேரடியாக வாரண்ட் ஆபீசராகச் சேர வழி கிடையாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும் ரோலிங் மில்லுக்கு அப்ரண்டிஸாக வரும் பொன்னேரி, கவரைப்பேட்டை, எளாவூர்ப் பிள்ளைகள் "அதுக்கு எந்தப் பரீட்சை சார்?" என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். அமெரிக்கத் தரைப்படையில் வெளியிலிருந்தே தேர்வாகி, வாரண்ட் ஆபீசராகி ஹெலிகாப்டர் ஓட்ட முடியும். நம்மிடம் ஏர்மேனாகச் சேர வேண்டும். ஏ.சி., எல்.ஏ.சி., கார்ப்பரல், சார்ஜண்ட் எல்லாம் தாண்டிய பிறகே ஜூனியர் வாரண்ட் ஆபீசர், வாரண்ட் ஆபீசர், மாஸ்டர் வாரண்ட் ஆபீசர். நம் தரைப்படையில் நாயப் சுபேதாரிலிருந்து சுபேதார் மேஜர் வரை இருப்பவர்களின் இடம் அது. அந்த வரிசைக்குள் நுழைவதற்குள் பலருக்குக் காதோரம் நரைத்துவிடும்.

எனக்கு இந்தத் தொழில் மேல் ஆசை வந்தது சோழவரத்தில். ஜி.என்.டி. சாலையை ஒட்டி, இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று அங்கே உண்டு. பிற்பாடு அதில்தான் கார் பந்தயங்கள் நடந்தன. அப்பா அழைத்துப்போவார். ஓட்டியவர்கள் முகம் எதுவும் நினைவில் இல்லை. காருக்கடியில் படுத்துக்கொண்டு, பார்க்காமலேயே சரியான ஸ்பேனருக்குக் கை நீட்டிய மெக்கானிக்குகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விமானப்படையில் சேர்ந்ததும் பெலகாவியில் டிரில், தாம்பரத்தில் டிரேடு. நான் ஏர்ஃபிரேம் ஃபிட்டர். முதலில் கைவைத்தது கிரண் பயிற்சி விமானத்தில்; 1964இல் முதலில் பறந்த, பெங்களூர் எச்.ஏ.எல். வடிவமைத்த ஜெட். அந்த வேலையில்தான் என் குரு வாய்த்தார். ஜலந்தர் பக்கத்துச் சர்தார். எல்லோருக்கும் அவர் 'வாரண்ட் சாப்'. ஓவரால் பையில் எப்போதும் ஒரு சைடு கட்டர் இருக்கும். நாம் போட்ட லாக்கிங் வயர் பிடிக்கவில்லையென்றால் ஒரு வார்த்தை பேச மாட்டார். 'டக்' என்று கத்தரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். என்ன குறை என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

லாக்கிங் வயர் பார்வைக்குச் சின்ன வேலை. போல்ட்டை இறுக்கியபின் அதன் தலையிலுள்ள துளையில் கம்பியைக் கோத்து, முறுக்கி, பக்கத்து போல்ட்டோடு கட்டுவது. கம்பி இழுக்கும் திசையும் போல்ட் இறுகும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் போல்ட் கழல்வதற்குக் கம்பியே துணைபோகும். 0.8 மி.மீ. கம்பிக்கு அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு. குறைந்தால் தொளதொளக்கும், மிஞ்சினால் கம்பி விறைத்து அதிர்வில் அறும். பிளையரின் பல் பதிந்த கம்பியை வெட்டி எறி. ஒருமுறை கழற்றிய கம்பியும் ஸ்பிளிட் பின்னும் திரும்ப ஏறக் கூடாது. வால் முனையை உள்ளே மடக்கு, இல்லாவிட்டால் அடுத்து அங்கே கைவிடுகிறவனின் உள்ளங்கை கிழியும். டார்க் ரெஞ்சில் 'க்ளிக்' கேட்டதும் கையை எடு. உறுதிக்காக இன்னொரு க்ளிக் வேண்டாம். மரையில் எண்ணெய் இருந்தால் அதே அளவுக்குப் போல்ட் கூடுதலாக இழுபடும் என்பதால், உலர்ந்த மரைக்கான அளவா, எண்ணெயிட்ட மரைக்கானதா என்று புத்தகத்தைப் பார். வேலை முடிந்ததும் ரெஞ்சைக் குறைந்த அளவுக்குத் திருப்பி வை, ஸ்பிரிங் பிழைக்கும்.

டீ நேரத்தில் அவர் ஹர்ஜிந்தர் சிங்கைப் பற்றிப் பேசுவார். லாகூரில் பொறியியல் படித்துவிட்டு ஹவாய் சிப்பாயாக, அதாவது விமானப்படைச் சிப்பாயாகச் சேர்ந்து, வாரண்ட் ஆபீசராகி, கடைசியில் ஏர் வைஸ் மார்ஷல் வரை போனவர். வாரண்ட் சாப் அந்த உயரத்தில் நிற்க மாட்டார். 1942இல் பர்மாவில், வேவு பார்ப்பதற்கென்று வந்த லைசாண்டர் விமானங்களில் 250 பவுண்டு குண்டு தொங்கவிட, கையில் கிடைத்ததைக் கொண்டு ஹர்ஜிந்தர் ஏற்பாடு செய்தாரே, அந்தப் பாரம் சட்டத்தில் எந்த இடத்தில் இறங்கும், தரையிறங்கும்போது என்ன ஆகும் என்று காகிதத்தில் படம் போட்டுக் கேட்பார். பதில் சொல்லாமல் டீ குடிக்க முடியாது.

அவரிடம் நான் கற்றதில் பெரியது ஸ்பேனர் சம்பந்தப்பட்டதல்ல. ஒரு நிலையத்தில், மாலை டூல் கணக்கெடுப்பில் ஒரு சாக்கெட் குறைந்தது. விமானத்துக்குள் ஒரு சாக்கெட் கிடந்து கன்ட்ரோல் ராடில் சிக்கினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். குறைந்ததை முதலில் வாய்விட்டுச் சொன்னது அதைத் தொலைத்த எல்.ஏ.சி. பையனே. விமானம் நிறுத்தப்பட்டது. பேனல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, டார்ச்சும் கண்ணாடியும் வைத்துத் தேடி, நள்ளிரவுக்கு மேல் எடுத்தோம். மறுநாள் பையனுக்குத் தண்டனை என்று பேச்சு கிளம்பியதும் வாரண்ட் சாப் அதிகாரியின் அறைக்குப் போனார். "அவன் சொன்னதால்தான் விமானம் தரையில் நிற்கிறது சார். இன்று இவனைத் தண்டித்தால் நாளை தொலைப்பவன் சொல்ல மாட்டான்." பையனுக்கு எதுவும் ஆகவில்லை. டூல் போர்டில் ஒவ்வொரு சாக்கெட்டின் உருவமும் புதிதாகச் சிவப்பில் வரையப்பட்டது, அதுவும் அவன் கையாலேயே.

என் தோளுக்கு வாரண்ட் பதவி வந்தபோதுதான் அதிலுள்ள கஷ்டம் புரிந்தது. அதுவரை கை செய்ததை இனிக் கை செய்யக் கூடாது. பத்தொன்பது வயதுப் பையன் கம்பியைத் தப்பாகப் பிடிக்கிறான். பிடுங்கிச் செய்தால் அரை நிமிடம். ஆனால் பிடுங்கினால் அவன் என்றைக்கும் ஃபிட்டராக மாட்டான். அதனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன். அவன் தன் தவற்றைத் தானே காணும்வரை காத்திருப்பதற்கு, கற்றுக்கொள்ளத் தேவைப்பட்டதைவிட அதிகப் பொறுமை தேவைப்பட்டது. விமானத்துக்கு ஆபத்து என்னும் எல்லை வந்தால் மட்டும் வாய் திறப்பேன்.

அந்தப் பக்கம் ஜலஹள்ளியில் படிப்பு முடித்து வந்த இளம் எஞ்சினியரிங் அதிகாரி. வயதில் மகன், பதவியில் மேல். நான்தான் அவருக்கு சல்யூட் அடிப்பேன். பைலட் காத்திருக்கிறார், எப்போது விமானம் தருவீர்கள் என்று அவரை நாலு பேர் நெருக்குவார்கள். அப்போது, "தர முடியாது" என்று சொல்வதில்லை. "சார், இன்னும் நாற்பது நிமிடம். லீக் செக் பாக்கி. வந்து பாருங்கள்" என்பேன். வந்து பார்த்துவிட்டால், மேலே பதில் சொல்ல அவருக்கே தெம்பு வந்துவிடும். விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700இல் அவரவர் வேலைக்கு அவரவர் கையெழுத்து; கடைசியில் பைலட் கையெழுத்திட்டு விமானத்தை ஏற்றுக்கொள்கிறார். அவர் நம் லாக்கிங் வயரைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்க்கிறார்.

இப்போது வழி மாறியிருக்கிறது. 2022 முதல் அக்னிவீர்வாயுவாக நான்கு ஆண்டு. அதில் அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரைத்தான் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். வாரண்ட் பதவியை நினைப்பவன் முதலில் இந்தச் சல்லடையில் நிற்க வேண்டும். நான்கு ஆண்டில் வெளியே வருகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். ஒரு ஃபிட்டரின் கை பழகத் தொடங்குகிற நேரம் அது. ஆனாலும் போ என்றே சொல்கிறேன். பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் ஆங்கிலமும் படித்து, மொத்தத்திலும் ஆங்கிலத்தில் தனியாகவும் 50 சதவீதத்துக்குக் குறையாமல் வேண்டும்; மூன்றாண்டு பொறியியல் டிப்ளமோக்காரர்களுக்கும் இடம் உண்டு. பையன்கள் 1.6 கிலோமீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். ஓடிப் பழகச் சாலை ஓரத்துக்குப் போகாதீர்கள். சிப்காட் லாரிகளுக்கு விடியற்காலை கிடையாது. ஏதாவது பள்ளி மைதானம் பாருங்கள். லாக்கிங் வயர் பழக விரும்புகிறவர்கள் ஷிப்ட் முடிந்து மெயின்டெனன்ஸ் ஷெட்டுக்கு வரலாம். பழைய கியர்பாக்ஸ் கவர் ஒன்றை, போல்ட் தலைகளில் துளையிட்டு, வைஸில் மாட்டி வைத்திருக்கிறேன்.