கடைசியா என்னத்த மாத்தின மகன்?



கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து வாப்பாமார், உம்மாமாருக்காக இதை எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் ஒரு டெஸ்க்டொப் கொம்பியூட்டரும், அதில் கேம் விளையாடுகிற ஒரு பையனும் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். ஒரு நாளைக்குக் காசு மிச்சமாகும்.

விடுமுறைக் காலத்தில் எங்களிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது. "நேத்து ராவு நல்லா வேலை செஞ்ச கொம்பியூட்டர் இண்டைக்கு ஒன் ஆகுதில்ல. ஃபேன் சுத்துது, நிக்குது, திரும்பச் சுத்துது. ஸ்க்ரீன் கறுப்பாவே இருக்குது." பழுதுக்குப் பல காரணம் இருக்கலாம். ஆனால் வீட்டில் பதினைந்து, பதினாறு வயதுப் பையன் இருந்தால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது ஓவர்க்ளொக்கிங்கை.

அது என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறோம். புரொசசருக்கு ஒரு தாளம் உண்டு. மதர்போர்ட் கொடுக்கிற 100 மெகாஹேர்ட்ஸ் அடிப்படைத் தாளத்தை ஓர் எண்ணால் பெருக்கினால் வருவதுதான் அதன் வேகம். 2015 இல் வந்த இன்டெல் ஐ5 6600கே புரொசசரை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பனி போட்ட எண் 35, அதாவது 3.5 கிகாஹேர்ட்ஸ். பெயரின் கடைசியில் 'கே' இருந்தால், பொருத்தமான மதர்போர்டில் அந்த எண்ணை நாமே கூட்டலாம். பயோஸ் பக்கத்துக்குப் போய் 35 ஐ 45 ஆக்கினால் 4.5. காசில்லாமல் வேகம்.

ஆனால் அந்த வேகத்துக்குக் கூடுதல் வோல்ட் கேட்கும். சூடு வேகத்தோடும் கூடும், வோல்ட்டின் வர்க்கத்தோடும் கூடும். 3.5 ஐ 4.5 ஆக்கி, 1.2 வோல்ட்டை 1.4 ஆக்கினால் வேகம் 29 வீதம்தான் கூடுகிறது, சூடு ஏறத்தாழ 75 வீதம் கூடுகிறது. தரம் 10 பிள்ளைக்கும் இந்தக் கணக்கு வரும். யூடியூப் வீடியோவில் இதைச் சொல்கிறவர்கள் குறைவு.

இது புதிய பழக்கமும் இல்லை. 1998 இல் செலரோன் 300ஏ என்று ஒரு மலிவான புரொசசர் வந்தது. அதன் அடிப்படைத் தாளத்தை 66 இலிருந்து 100 ஆக்கி, 300 மெகாஹேர்ட்ஸை 450 ஆக ஓட்டினார்கள். 2023 இல் திரவ ஹீலியம் ஊற்றி ஒரு புரொசசரை 9 கிகாஹேர்ட்ஸுக்கு மேலே கொண்டு போனார்கள். கெட்டித்தனமான விளையாட்டுத்தான், கெட்ட பழக்கம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

நம்முடைய பையன்கள் அதில் இறங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. வெளியில் இருந்து வருகிற சாமான் எல்லாம் அதோடு ஏறியது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவில் புது மெஷினுக்கு விலை கேட்டுவிட்டுச் சும்மா திரும்பி வந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! பழையதையே வைத்துச் சமாளிக்க வேண்டிய வீட்டில், ஓர் எண்ணை மாற்றினால் வேகம் கூடும் என்று வீடியோவில் ஒருவர் சொன்னால் பிள்ளை செய்து பார்க்காமல் இருப்பானா?

போன விடுமுறையில் எங்கள் ஒழுங்கையில் நடந்ததைச் சொல்கிறோம். வீட்டாரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம், பெயர் தேவையில்லை. அந்த வீட்டில் வாப்பா மௌத்தாகி விட்டார். மூத்த மகள் வீட்டில் இருந்து கலியாணக் கார்ட் டிசைன் பண்ணி ஓர் அச்சகத்துக்குக் கொடுக்கிறார். கரண்ட் பில்லும் தம்பியின் டியூஷன் காசும் அந்த வருமானத்தில்தான். தம்பி சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறவன். ஒரு நாள் காலையில் ராத்தா மெஷினை ஒன் பண்ண, ஃபேன் சுற்றி நின்றது. நான்கு நாளில் கொடுக்க வேண்டிய ஓடர் உள்ளே இருந்தது.

ஒரு கடைக்குக் கொண்டு போனார்கள். "போர்ட் போச்சு, வேற போடணும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்தில் அரைவாசி. கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. கூடப் போன பையன் அங்கே வாயே திறக்கவில்லை. உம்மா கைவளையலை அடகு வைப்போமா என்று யோசிக்கிற நேரத்தில்தான் எங்களுக்குச் செய்தி வந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு பேருமே படிப்பிக்கிறவர்கள். மஃரிபுக்குப் பிறகு இரண்டு பேருமாகப் போனோம். பையன் மூலையில் நின்றான், மாமா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். என்ன செய்தாய் என்று கேட்டதற்கு, "ஒண்டும் செய்யல்ல சேர், தானா நிண்டு போச்சு" என்றான். சொல்லும்போது அவன் பார்த்தது மாமாவின் முகத்தை.

மாமாவை ஒரு பிளேன் டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினோம். எங்களில் ஒருவர் உம்மாவோடும் ராத்தாவோடும் குசினியில் இருந்து கதைக்க, மற்றவர் பையனோடு தரையில் உட்கார்ந்து பெட்டியின் மூடியைக் கழற்றினார். "மகன், ஏசுறதுக்குக் கேட்கல்ல. கடைசியா என்னத்த மாத்தின எண்டு தெரிஞ்சாத்தான் எங்க இருந்து தொடங்குற எண்டு தெரியும்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான், "48 போட்டேன் சேர். எக்ஸ்எம்பியும் ஒன் பண்ணினேன்."

அரை மணி நேரத் தேடலை அந்த ஒரு பதில் மிச்சப்படுத்தியது. 48 என்றால் 4.8 கிகாஹேர்ட்ஸ், அந்தப் புரொசசர்களில் அதிகமானவை அதைத் தாங்காது. எக்ஸ்எம்பி என்பது ரெம்மின் வேகத்தைக் கூட்டுகிற செட்டிங். சாதாரண டிடிஆர்4 ரெம் 1.2 வோல்ட்டில் ஓடும், எக்ஸ்எம்பி போட்டால் பெரும்பாலும் 1.35 வோல்ட் கேட்கும். பெட்டியில் எழுதியிருந்தாலும் அதுவும் ஓவர்க்ளொக்தான். இரண்டையும் ஒரே இரவில் மாற்றினால் எது பிழை செய்தது என்று மெஷினுக்கும் தெரியாது, பையனுக்கும் தெரியாது.

இப்படிப்பட்ட நிலையில் செய்ய வேண்டியது, பயோஸைக் கொம்பனி செட்டிங்கிற்குத் திருப்புவது. 1984 இல் ஐபிஎம் பிசி ஏடி வந்த காலத்தில் இருந்தே, கொம்பியூட்டர் தன் செட்டிங்கையும் நேரத்தையும் ஞாபகம் வைக்க உள்ளே ஒரு பெட்டரி இருக்கிறது. இன்றைய மதர்போர்டில் அது சிஆர்2032, 3 வோல்ட், காசு அளவிலான வட்டப் பெட்டரி. செய்யும் முறை இது:

முதலில் சுவர் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. பிறகு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் மீதிக் கரண்ட் வடியும். மதர்போர்டில் 'சிஎல்ஆர் சிமொஸ்', 'சிஎல்ஆர்டிசி', 'ஜேபிஏடி1' என்பவற்றில் ஒரு பெயரோடு இரண்டு சிறிய பின்கள் இருக்கும். மெனுவலில் படம் இருக்கும். ஸ்க்ரூட்ரைவர் நுனியால் இரண்டையும் சேர்த்து பத்து விநாடி தொடுங்கள். பின்களைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்த வட்டப் பெட்டரியைக் கழற்றி, ஒரு பத்து நிமிடம் விட்டுத் திரும்பப் போடுங்கள். அதன் பிறகு ஒன் பண்ணினால் முதல் தடவை சுணங்கும். ரெம்மைத் திரும்பச் சோதிக்கிற வேலை நடக்கிறது. தானாக ஒன்றிரண்டு முறை நின்று தொடங்கும். சில நிமிடம் பொறுங்கள், பயந்து பிளக்கைப் பிடுங்க வேண்டாம்.

நாங்கள் பொறுத்தோம். ஸ்க்ரீன் கறுப்பாகவே இருந்தது. அதே சுற்றல், அதே நிற்றல்.

அப்போது பையன் கேட்காமலே வாய் திறந்தான். "சேர், கடையில இருந்து வந்த அண்டைக்கு ராவு ரெம்மையும் கழட்டிப் போட்டேன்." எல்லாரும் தூங்கிய பிறகு, போன் வெளிச்சத்தில், எப்படியாவது சரிசெய்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறான். ரெம்மைப் போடும்போது பலமாக அழுத்தினால்தான் 'க்ளிக்' என்று பூட்டும். அந்தச் சத்தத்துக்கு ராத்தா எழும்பிவிடுவார் என்று இவன் முழுக்க அழுத்தவில்லை. பார்த்தோம், ஒரு பக்கம் உட்காரவே இல்லை. முதல் பழுது 48 என்ற எண்ணால் வந்தது. இரண்டாவது பழுது பயத்தால் வந்தது.

இரண்டு ரெம்மையும் கழற்றி, ஒன்றை மட்டும் புரொசசர் பக்கத்தில் இருந்து எண்ணி இரண்டாவது ஸ்லொட்டில் போட்டோம். நான்கு ஸ்லொட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் அதுதான் முதல் இடம். அவனையே அழுத்தச் சொன்னோம், சத்தமாகக் க்ளிக் என்றது. மொனிட்டர் வயர் கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிறதா, மதர்போர்டில் இருக்கிறதா என்றும் பார்த்தோம். கார்ட் இருந்தால் வயர் கார்டில்தான் இருக்க வேண்டும். ஒன் பண்ணினோம். லோகோ வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

ராத்தா முதலில் திறந்தது கார்ட் ஃபைல்கள் இருந்த ஃபோல்டரை. எல்லாம் அப்படியே இருந்தன. பயோஸைத் திருப்புவது ஹார்ட் டிஸ்கில் கை வைக்காது. ஆனால் பிரவுஸர் ஒரு பக்கத்தையும் திறக்க மறுத்தது. பையனின் முகம் மறுபடியும் செத்துப் போனது. காரணம் சின்னது. பயோஸ் திரும்பியதில் திகதி 2015 என்று ஆகியிருந்தது, திகதி பிழையென்றால் பாதுகாப்பான இணையப் பக்கங்கள் திறக்காது. திகதியைச் சரிசெய்ததும் திறந்தது. இரண்டாவது ரெம்மையும் போட்டு மூடினோம். ஓடர் நேரத்துக்குப் போனது, வளையல் கையிலேயே இருக்கிறது.

நீங்களே செய்து பார்ப்பதென்றால் சில எச்சரிக்கைகள். பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவே வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கரண்ட் நிற்கும். புதிய விண்டோஸ் மெஷின்களில் பயோஸைத் திருப்பினால் பிட்லொக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அது மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முதலில் வேறொரு போனில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். பயோஸ் அப்டேட் செய்வதென்றால் கரண்ட் நிற்காத நேரத்தில் செய்யுங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாம், நடுவில் நின்றால் என்ன ஆகும் என்று விளங்கும்.

இவ்வளவும் செய்தும் வராவிட்டால், அல்லது கருகிய மணம் அடித்தால், கடைக்குத்தான் போக வேண்டும். கூடின வோல்ட்டில் நீண்ட நாள் ஓடிய புரொசசர் உள்ளே தேய்ந்துவிடும், எந்த ரீசெட்டும் அதைத் திருப்பித் தராது. அதிலும் எல்லா நேரமும் பிள்ளைதான் குற்றவாளி என்று இல்லை. இன்டெல்லின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசசர்கள் சில, யாரும் கை வைக்காமலே நின்று நின்று போயின. அளவுக்கு மிஞ்சிய வோல்ட் கேட்கிற பிழை உள்ளேயே இருந்தது என்று 2024 இல் அந்தக் கொம்பனியே ஒத்துக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டியது. அந்த நேரம் எத்தனை வீட்டில் பிள்ளைகள் செய்யாததுக்கு ஏச்சு வாங்கினார்களோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது இதுதான். பழுது பார்ப்பதில் முதல் கேள்வி "கடைசியாக என்ன மாறியது?" வைத்தியரும் அதைத்தான் கேட்கிறார், மெக்கானிக்கும் அதைத்தான் கேட்கிறார். வீட்டில் அந்தப் பதில் பிள்ளையின் வாயில்தான் இருக்கிறது. அடி விழும் என்று தெரிந்தால் அது வெளியே வராது. பதில் வராவிட்டால் கடைக்காரர் ஊகிப்பார், அந்த ஊகத்துக்குக் காசு கொடுப்பது நீங்கள். பொய் சொன்னதற்குக் கண்டியுங்கள், அது உங்கள் கடமை. ஆனால் உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு, சொன்ன நேரத்தில் ஏச வேண்டாம்.

தம்பிமாருக்கும் ஒரு சொல். செய்து பார்க்க ஆசையென்றால் வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தொட முன் பயோஸ் பக்கத்தைப் போனில் படம் எடுங்கள். ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும், ஒரு படி மட்டும் கூட்டுங்கள். கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். சூடு எவ்வளவு போகிறது என்று பாருங்கள். அந்த வீட்டில் ராத்தா இப்போது ஒரு சட்டம் வைத்திருக்கிறார். ஓடர் கையில் இருக்கும்போது பயோஸ் பக்கம் போகக் கூடாது, ஓடர் முடிந்தால் போகலாம், கொப்பியோடு. தம்பியின் கடைசி வரி 42. அதில் நன்றாக ஓடுகிறதாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நின்று போயிருந்தால், கடைக்குத் தூக்க முன் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, மெதுவாக அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பிரயோசனம் என்று நினைத்தால் மற்றவர்களுக்கும் அனுப்புங்கள்.