சிரசுத் திருவிழாவில் ஒரு பல்

1954இல் காமராஜரைச் சட்டசபைக்கு அனுப்பிய ஊர் என்று குடியாத்தத்தை வெளியூரார் அறிவார்கள். உள்ளூராருக்கோ அது வைகாசி முதல் தேதி கெங்கையம்மனின் சிரசு ஊர்வலமாக வந்து உடலோடு பொருந்தும் ஊர். அன்று நம் வீடு நிறைய விருந்தினர். அந்த நன்னாளில் நாம் ஒரு வேர்க்கடலை உருண்டையைக் கடித்தோம். 'சடக்' என்று சத்தம். உடைந்தது உருண்டையல்ல, ஐந்து வருஷங்களுக்கு முன் நமது முன்பல்லுக்கு நல்ல விலை கொடுத்துப் போட்டுக்கொண்ட 'கேப்' என்னும் உறை! கண்ணாடியில் பார்த்தால், முத்துப் போலிருந்த பல்லில் சாம்பல் நிற உலோகம் இளித்துக்கொண்டிருந்தது. வந்தவர்களை "வாருங்கள்" என்று வாய் திறந்து அழைக்கவும் முடியவில்லை.

ஏமாற்றிவிட்டார்கள் என்பதே நமது முதல் எண்ணம். உடைந்த சில்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு மறுநாள் வேறொரு பல் வைத்தியரிடம் போனோம். டாக்டரம்மாள் வயதில் இளையவர். சில்லையும் பல்லையும் பார்த்துவிட்டு, "ஐயா, உலோகத்தின் மேல் வெள்ளைப் பூச்சு ஒட்டியிருந்தால், பீங்கான் தானாக உடைந்தது என்று சொல்லலாம். இங்கே உலோகம் வெறுமையாகத் தெரிகிறது. பிடிப்பே விட்டுப் போயிருக்கிறது" என்றார்.

"எந்தப் பசையால் ஒட்டுகிறீர்கள், அம்மா?" என்று கேட்டோம்.

பசையே கிடையாதாம். நம் வீடுகளில் பீங்கான் கோப்பை என்று சொல்லுகிறோமே, இரும்பின் மேல் கண்ணாடியை உருக்கிப் பூசியது, அதன் தம்பிதான் இந்தப் பல். முதலில் மெழுகில் வடிவம் செய்து, அச்சில் பதித்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் விக்கிரகம் வார்க்கும் அதே முறை! 1907இல் டாக்கர்ட் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் இதைப் பற்களுக்குக் கொண்டுவந்தார். நமது சோழர் காலத்து நடராஜர் கேட்டிருந்தால் புன்னகை செய்திருப்பார். (இப்போது சில இடங்களில் இயந்திரமே உலோகத்தைச் செதுக்கிவிடுகிறது.)

வார்த்த உலோகத்தைச் சூடாக்கினால் அதன்மேல் மெல்லிய ஆக்ஸைடு ஏடு படர்கிறது. துருவுக்கு உறவு என்று வைத்துக்கொள்ளலாம். பிடிப்புக்கு ஆதாரமே அதுதான். நீரில் குழைத்த பீங்கான் பொடியை, முதலில் உலோகத்தை மறைக்கும் வெள்ளையாகவும் பிறகு பல்லின் நிறத்திலும் பூசிச் சூளையில் 900 டிகிரிக்கு மேல் சுடும்போது, உருகும் கண்ணாடி அந்த ஏட்டோடு இணைகிறது. ஏடு போதாவிட்டால் பிடிக்காது. தடித்துவிட்டால் ஏடே பிளக்கும். கைவிரலின் எண்ணெய்ப் பசை பட்டாலும் கெடுதல். பாத்திரத்தைத் துலக்காமல் ஈயம் பூசினால் பிடிக்குமா?

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு மீட்டர் நீளமுள்ள இந்த உலோகக் கம்பி 100 டிகிரி சூட்டில் சுமார் 1.4 மில்லிமீட்டர் நீளும். பழைய பீங்கானோ 0.8 மில்லிமீட்டர்தான். ஆறும்போது ஒன்று அதிகமாகச் சுருங்க, மற்றொன்று பின்தங்கினால் விரிசல்தானே? லூசைட் என்னும் படிகம் மிகுந்த பீங்கானால் அந்தப் பேதத்தைக் குறைத்தார்கள். வைன்ஸ்டைன் முதலியோர் அமெரிக்காவில் 1962இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர். ஆனால் பேதத்தை அடியோடு ஒழிப்பதில்லை. உலோகம் ஒரு மயிரிழை அதிகமாகச் சுருங்கிப் பீங்கானை இறுக்கிப் பிடிக்கவேண்டும். பீங்கான் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது.

"அப்படியானால் நம் பல்லில் எது தப்பு?" என்றோம்.

"சூளையில் வைத்த நாளில் நான் இல்லையே, ஐயா!" என்றார்.

நமது கோபத்துக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. கவலைக்கு மட்டும் இருந்தது. வாய்க்குள் சூளை வைக்க முடியாது. உடைந்த இடத்தைச் சொரசொரப்பாக்கிப் பிசின் பூசி மூடலாம். அது சில காலத்துக்குத்தான். இல்லையேல் உறையை அறுத்தெடுத்துப் புதிதாகச் செய்யவேண்டும். உள்ளே ஏற்கெனவே தேய்த்துச் சிறிதாக்கிய நம் சொந்தப் பல் அதைத் தாங்குமா? எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வேர் கெட்டியாக இருக்கிறது என்றார். அப்போதுதான் மூச்சு வந்தது.

சிர்கோனியாவில் செய்யலாமா என்று கேட்டோம். அதன்மேல் பீங்கான் பூசினால் அதுவும் சில்லு விடக்கூடும் என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் வேலையை ஒப்படைத்தோம். மறுபடியும் உலோகமும் பீங்கானுமே.

வீட்டில் இப்போது கடலை உருண்டைக்குத் தடையில்லை. ஆனால் நம் இல்லாள் அதை அம்மியில் தட்டிப் பொடியாக்கிய பிறகே கொண்டு வருகிறாள்.