புத்தி சொல்லக் கூடாத வகுப்பு

"நான் ராசி இல்லாதவ சார்."

சொன்ன பெண்ணின் முகத்தில் அழுகை இல்லை. முந்தானை ஓரத்தைச் சுருட்டுகிறார், பிரிக்கிறார், மறுபடியும் சுருட்டுகிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் இளைஞர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, கேட்ட மாத்திரத்தில் ஆரம்பிக்கிறார்: "அப்படியெல்லாம் நினைக்காதீங்கம்மா. எல்லாம் சரியாயிடும். மனசைத் தைரியமா வச்சுக்குங்க."

"போதும், நிறுத்துங்க" என்று பக்கவாட்டிலிருந்து ஒரு குரல்.

முந்தானையை விட்டுவிட்டுப் பெண் சிரித்துவிடுகிறார். அவர் நோயாளி அல்ல, கடலூர்ப் பக்கம் வேலை பார்க்கும் மனநலச் சமூகப் பணியாளர். கண்ணாடிக்காரர் எம்.டி. மனநல மருத்துவம் படிக்கும் மாணவர். நிறுத்தச் சொன்னவர் பயிற்சியாளர், ஐம்பதைத் தாண்டிய மருத்துவ உளவியலாளர், கையில் ஒரு மார்க்கர் பேனா. சிதம்பரத்தில் அண்ணாமலைநகர்ப் பக்கம் ஒரு சின்னக் கூடம். பாடம் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. கூடத்தில் எல்லாரும் வாயால் சொல்வது 'சிபிடி'.

பின்வரிசையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வாய் திறக்கக் கூடாது, யார் பெயரையும் எழுதக் கூடாது. சம்மதித்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நிஜ நோயாளி பேசும் அறைக்குள் வெளியாளுக்கு இடமில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே எனக்குக் கிடைத்தது ஒத்திகை மட்டும்.

"அவங்க ஒரு வரி சொன்னாங்க. நீங்க எத்தனை வரி சொன்னீங்க டாக்டர்?"

"மூணு மேடம்."

"அந்த மூணுல எது கேள்வி?"

கண்ணாடிக்காரர் கூரையைப் பார்க்கிறார். மின்விசிறி சுற்றுகிறது. முன்வரிசையில் இருந்த நர்ஸ் அம்மா, "ஒண்ணுமே கேள்வி இல்ல மேடம்" என்று அவருக்காகப் பதில் சொல்ல, கூடம் சிரிக்கிறது. அந்த அம்மாவுக்குப் பண்ருட்டிப் பக்கம் என்பது பேச்சிலேயே தெரிகிறது. வந்திருப்பவர்களில் மூன்று நான்கு மேற்படிப்பு மருத்துவர்கள், இரண்டு கல்லூரி ஆலோசகர்கள். மிச்சப் பேர் மாவட்ட மனநலத் திட்டத்திலும் தனியார் இடங்களிலும் வேலை செய்கிறவர்கள். அவர்களில் பாதிப் பேராவது பிறருக்குப் புத்தி சொல்லியே சம்பளம் வாங்குகிறவர்கள் என்று தோன்றியது. இங்கே அவர்களுக்கு நடக்கும் பயிற்சி, அதை விடுவதற்கான பயிற்சி.

இப்போது பயிற்சியாளரே அந்த நாற்காலியில் உட்காருகிறார்.

"இப்படிக் கடைசியா எப்ப தோணுச்சும்மா?"

"போன வாரம். நாத்தனார் வளைகாப்புல."

"அங்க எந்த இடத்துல இருந்தீங்க?"

"வாசல்ல. ஆரத்தித் தட்டை நான்தான் எடுத்துட்டு வந்தேன். அத்தை என் கையிலேர்ந்து வாங்கி, சித்தி வீட்டு மருமககிட்ட குடுத்துட்டாங்க."

"ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல."

பின்னாலிருந்து யாரோ 'ப்ச்' கொட்டுகிறார்கள். பயிற்சியாளர் திரும்பிப் பார்க்கவில்லை.

"தட்டு கைமாறின அந்த நிமிஷம் உங்க மனசுல என்ன ஓடுச்சு?"

"கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு. நான் தொட்டா எதுவும் துலங்காதுன்னு."

"அந்த நிமிஷத்துல அதை எவ்வளவு நம்புனீங்க? நூத்துக்கு?"

"தொண்ணூறு."

அவ்வளவு நேரத்தில் ஆறுதலாக ஒரு வார்த்தை வரவில்லை. ஆனாலும் நடிக்கிற பெண்ணின் கை முந்தானையை விட்டு மடியில் வந்து கிடக்கிறது. அதை அவரே கவனித்தாரா என்று தெரியாது.

இந்த வழியைக் கண்டவர் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த ஆரன் பெக். ஃபிராய்டு மரபில் பயின்ற மனநல மருத்துவர். மனச்சோர்வு என்பது வெளியே போக வேண்டிய கோபம் தன்மீதே திரும்புவது என்று படித்திருந்தார். அதை நிரூபிக்கத்தான் நோயாளிகளின் கனவுகளை ஆராயப் போனார். அங்கே கோபத்தைவிடத் தோல்வியும் இழப்பும்தான் அதிகம் கிடைத்தன. நோயாளி வாய்விட்டுப் பேசும்போதே, உள்ளே இன்னொரு பேச்சு சரசரவென்று ஓடுவதையும் கண்டார். அந்த உள்பேச்சைப் பிடித்து மேசைமேல் வைத்து, இருவரும் சேர்ந்து விசாரிப்பதுதான் அவர் வகுத்த சிகிச்சையின் உயிர். 21 கேள்விகள் கொண்ட அவருடைய மனச்சோர்வு அளவுகோல் 1961இல் வந்தது, மனச்சோர்வுச் சிகிச்சை நூல் 1979இல். 2021இல் நூறு வயதில் இறந்தார். பயிற்சியாளர் இதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு மறுபடி ஆரத்தித் தட்டுக்கு வந்துவிட்டார். எனக்கும் தட்டுதான் முக்கியமாகப் பட்டது.

கல்லூரி ஆலோசகர் ஒருவர் கை தூக்குகிறார். "மேடம், அந்த மாமியார் நெஜமாவே அப்படித்தான நினைக்கிறாங்க? இவங்க எண்ணத்தை மாத்திட்டா, அவங்க தட்டைக் குடுத்துருவாங்களா?"

நல்ல கேள்வி. 'நல்லதே நினை, நல்லதே நடக்கும்' என்று பத்திரிகைகளும் மேடைப் பேச்சாளர்களும் விற்றுக்கொண்டிருப்பதைத்தான் சிபிடி என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பயிற்சியாளர் எழுந்து போய் வெள்ளைப் பலகையில் நடுவே ஒரு கோடு இழுக்கிறார். இடது பக்கம்: 'அத்தை என்னை ராசி இல்லாதவள் என்று நினைக்கிறார்.' வலது பக்கம்: 'நான் ராசி இல்லாதவள்.'

"இடது பக்கத்தை நான் தொடவே மாட்டேன். அது உண்மையா இருக்கலாம். அதுக்குச் செய்ய வேண்டிய வேலை வேற. புருஷன் கூட உக்காந்து பேசணும், ரெண்டு பேரும் சேர்ந்து டாக்டர்கிட்ட போகணும், அடுத்த விசேஷத்துல அத்தைகிட்ட என்ன சொல்றதுன்னு இங்கயே ஒத்திகை பாக்கணும். நடக்கிற அநியாயத்தை உங்க மனப்பிரமைன்னு சொல்றது சிகிச்சை இல்ல. வலது பக்கம்தான் நம்ம கேஸ். இடதுலேர்ந்து வலதுக்கு அவங்க எப்படி வந்தாங்க? அதைத்தான் கேக்கணும்."

கண்ணாடிக்காரர் அந்தக் கோட்டைக் குறிப்பேட்டில் வரைந்துகொள்கிறார், ஸ்கேல் வைத்து.

அவருக்கு இன்னும் ஒரு மனக்குறை. நம் ஜனங்கள் டாக்டரிடம் வருவதே 'நீங்களே சொல்லுங்க' என்றுதான். கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தால், இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அடுத்த வாரம் வேறு டாக்டரிடம் போய்விடுவார்கள் என்கிறார். பழைய வழக்குதான். ஜே.எஸ். நேகி என்ற இந்திய மனநல மருத்துவர் 1973லேயே, மேலைநாட்டுச் சிகிச்சை உறவு நமக்கு அப்படியே பொருந்துமா, குரு–சீடர் உறவை முன்மாதிரியாகக் கொள்ளலாமா என்று எழுதியிருக்கிறார். பயிற்சியாளர் விவாதத்துக்குள் போகவில்லை. "முதல் ரெண்டு தடவை கொஞ்சம் சொல்லுங்க. ஆனா சொன்னதுக்கப்புறம், 'இது உங்களுக்குப் பொருந்துதா?'ன்னு கேட்டுட்டு வாயை மூடிக்குங்க" என்பதோடு சரி.

சாப்பாட்டு வேளை. பொட்டலத்தில் சாம்பார் சாதம், கத்திரிக்காய் கொத்சு. ஊர்க்காரர்கள் கொத்சு பதத்தைப் பற்றிக் குறை சொல்ல, வெளியூர்க்காரர்கள் ஒட்ட வழித்துச் சாப்பிடுகிறார்கள்.

சிதம்பரத்துக்கு உளவியல் படிப்போடு பழைய பந்தம் உண்டு. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி 1979இல் வந்தது. தமிழ்நாடு முழுவதும் ஆசிரியர்களும் அலுவலர்களும் தபாலில் பாடம் வாங்கி உளவியல் முதுகலை ஆனது இந்த ஊர் முகவரியில்தான். 1985இல் வந்த மருத்துவக் கல்லூரி இன்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. பெயரில் கடலூர், இருப்பது சிதம்பரத்தில். ஆனால் தபாலில் வரும் பாடத்தால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கை முந்தானையில் இருக்கிறதா மடியில் இருக்கிறதா என்று பார்க்கப் பழக்க முடியாது. அதனால்தான் மருத்துவ உளவியலில் எம்.ஃபில். என்றால் இரண்டு வருடம் முழுநேரமாக மருத்துவமனையில் கிடக்க வேண்டும் என்று இந்திய மறுவாழ்வு கவுன்சில் வைத்தது.

மதியம் தாள் கொடுக்கிறார்கள். நிலைமை, எண்ணம், உணர்வு, ஆதாரம், எதிர் ஆதாரம், மாற்றுப் பார்வை என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. நோயாளி வீட்டில் நிரப்பிக் கொண்டுவர வேண்டிய வீட்டுப்பாடம். பண்ருட்டி அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"எழுதத் தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க மேடம்? எங்கிட்ட வர்றதுல பாதி கைநாட்டு."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

அம்மா யோசிக்கிறார். "பத்து முந்திரிக்கொட்டையை முன்னால வைப்பேன். எவ்வளவு வருத்தமோ அவ்வளவு எடுத்து இந்தப் பக்கம் வைன்னு சொல்லுவேன்."

"சரியான வழி" என்று பயிற்சியாளர் பலகையில் முந்திரிக்கொட்டை வரைய முயல்கிறார். வரவில்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டியை ஒட்டிய கிராமங்களில் பள்ளிப்படிப்போடு நின்ற சுகாதாரப் பணிப்பெண்களுக்கு இதே சிகிச்சையின் எளிய வடிவத்தைப் படங்கள் வழியாகக் கற்றுக்கொடுத்து, கர்ப்பிணிகளின் மனச்சோர்வைக் கணிசமாகக் குறைத்துக் காட்டினார் அதீஃப் ரஹ்மான். அந்த முடிவு 2008இல் வெளியானது. பண்ருட்டி அம்மாவுக்கு அவரைத் தெரியாது.

சாயங்காலம் கடலூர் பஸ். எனக்கு முன்சீட்டில் அந்தச் சமூகப் பணியாளரும் பண்ருட்டி அம்மாவும். பி.முட்லூர் தாண்டியதும் அம்மாவின் புலம்பல் ஆரம்பமாகிறது. சென்னையில் கட்டிக்கொடுத்த மகள் தன்னை மறந்தே போய்விட்டாளாம்.

"அப்படியெல்லாம்…" என்று தொடங்கிய இளையவர் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். "கடைசியா எப்பக்கா பேசுனா?"

"காலைல."

இருவரும் குலுங்கிச் சிரிக்கிறார்கள். கண்டக்டர் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்.

ஆலப்பாக்கத்துக்கு அப்புறம் சிப்காட் வாசனை ஜன்னல் வழியே ஏறுகிறது. பேச்சு சுனாமிக்குப் போகிறது. 2004 டிசம்பர் 26இல் இந்த மாவட்டக் கடற்கரையில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், கிள்ளை என்று வரிசையாகக் குப்பங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் வந்து உள்ளூர் ஆட்களுக்கு மன ஆறுதல் பயிற்சி கொடுத்தன. அது நல்ல வேலை. அதோடு, வேன் பிடித்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

"ஒரே புள்ள நாலு தடவ அலை வரைஞ்சு குடுத்துச்சு. கேட்டவங்க நாலு பேரும் வேற வேற ஆளு" என்கிறார் அம்மா. "அஞ்சாவது ஆளு வந்தப்ப, அதுவே, 'கலர் பென்சில் இருக்கா?'ன்னு கேட்டுச்சு."

கடல் பயத்துக்குச் சிபிடி சொல்லும் வழி வேறு. பயத்தைக் கிளப்பும் காரியங்களைச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்க வேண்டும். முதலில் வீட்டிலிருந்து அலைச் சத்தத்தைக் கேட்பது, பிறகு ரோட்டில் நின்று கடலைப் பார்ப்பது, மணலில் உட்காருவது, கடைசியாகக் கால் நனைப்பது. ஒவ்வொன்றிலும் பயம் உச்சிக்குப் போய்த் தணியும்வரை, அல்லது 'நினைத்தது நடக்கவில்லை' என்று தெரியும்வரை அங்கேயே இருக்க வேண்டும், ஓடிவிடக் கூடாது. இதற்குக் கூடவே நிற்க ஓர் ஆள் வேண்டும், வாரா வாரம். வேனில் வந்தவர்களால் கொடுக்க முடியாமல் போனது அதுதான். பிறகு 2011 கடைசியில் தானே புயல், 2015இல் வெள்ளம். இந்தக் கரைக்கு அந்த ஆளின் தேவை தீர்ந்தபாடில்லை.

தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்றவை உள்ளவர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. ஆகவே பயிற்சி வகுப்புகள் பெருக வேண்டியதுதான். ஆனால் இரண்டு நாள் வகுப்பு, கையில் சான்றிதழ், மறுநாள் வாசலில் 'சிபிடி நிபுணர்' பலகை என்பது மோசடிக்குப் பக்கத்து வீடு. இங்கிலாந்து 2008இல் இந்தச் சிகிச்சையை அரசு மருத்துவத்தில் பரவலாக்கியபோது, வேலையில் இருந்தபடியே ஒரு வருட முதுநிலைப் பட்டயமும், வாராந்தர மேற்பார்வையும் வைத்தது. அது பணக்கார நாடு என்று தள்ளிவிட வேண்டாம். கோவாவில் விக்ரம் படேல் குழு, மனநலப் பட்டம் ஏதும் இல்லாத உள்ளூர் ஆட்களையே ஆலோசகர்களாகப் பழக்கியது. ஆறு முதல் எட்டு அமர்வில் மனச்சோர்வு குறைந்ததை லான்செட் இதழ் வெளியிட்டது. அங்கேயும் ரகசியம் மேற்பார்வையில்தான் இருந்தது: ஒருவர் நடத்திய அமர்வின் ஒலிப்பதிவைச் சகாக்கள் கூடி உட்கார்ந்து கேட்டு மதிப்பெண் போட்டார்கள். அந்த ஏற்பாட்டுக்குப் பணம் அதிகம் வேண்டாம், கூச்சத்தை விட வேண்டும். கடலூரிலும் சிதம்பரத்திலும் பயின்றவர்கள் மாதம் ஒருமுறை கூடி, நோயாளியின் சம்மதத்தோடு, இதைச் செய்யலாம். பஸ் கட்டணம்தான் செலவு.

வாசகரான உங்களுக்கும் வேலை இருக்கிறது. சிபிடி தருவதாகச் சொல்பவரிடம் போனால், மருத்துவ உளவியலாளர் என்றால் மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். யாராக இருந்தாலும், 'உங்கள் வேலையை யார் பார்த்துத் திருத்துகிறார்கள்?' என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு முகம் சுளிக்கிறவரிடம் காசு கட்டாதீர்கள். கட்ட வழியில்லாதவர்களுக்கு, 2022 அக்டோபரிலிருந்து மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.