அம்மாவின் இடது கை

மணிவிழா அழைப்பிதழில் போட, அப்பா-அம்மாவை மீஞ்சூரில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிய பையன், "சார், அம்மா கையில ரெண்டு தழும்பு தெரியுது. எடுத்துடலாமா?" என்றான்.

"அப்படியே என் வழுக்கையையும் எடுத்துடுப்பா" என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்து இடது கையை மூடிக்கொண்டாள். "எடுத்துடு தம்பி, அசிங்கமா இருக்கு."

அம்மா பிறந்தது பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பம். 'அம்மை குத்துறவங்க வர்றாங்க' என்று குரல் கேட்டால் போதும், பிள்ளைகள் கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் ஒளிந்துகொள்ளுமாம். அம்மாவை மட்டும் ஆயாவே காலைப் பிடித்து இழுத்துவந்து குத்தவைத்தாளாம்.

எனக்கு ஒரு ராணியின் ஞாபகம் வந்தது.

ஐரோப்பாவில் நெப்போலியன் யுத்தம் நடத்திக்கொண்டிருந்த 1805. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு மணப்பெண்ணாக மைசூர் அரண்மனைக்கு வந்தாள் தேவஜம்மணி. இருவருக்கும் சுமார் 12 வயது! அந்தச் சமயத்தில் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் (1824-ல் நம்ம மெட்ராஸில்தான் கண்ணை மூடினார்) மூன்று பெண்களை வரைந்தார். அதில் ஒருத்தி, சேலை மறைக்க வேண்டிய இடது கையைத் திறந்து காட்டுகிறாள்.

ரொம்ப காலம் அவர்களை ஆட்டக்காரிகள் என்றே நினைத்தார்கள். நைஜல் சான்சலர் என்ற ஆய்வாளர்தான், 'இவர்கள் ராணிகள். அந்தக் கை காட்டுவது அம்மை குத்திய இடம்' என்றார். பக்கத்து ராணியின் மூக்கைச் சுற்றி நிறம் மாறியிருப்பது பழைய வைத்தியத்தின் அடையாளமாம். அம்மைப் பொருக்கைப் பொடியாக்கி மூக்கில் ஊதுவார்கள். நினைத்தாலே தும்மல் வருகிறது!

அப்போது மருந்து பாட்டிலில் வரவில்லை. 1802-ல் பம்பாயில் 3 வயதுக் குழந்தை ஆன்னா டஸ்ட்ஹாலுக்குக் குத்தியது பலித்தது. அவள் கைக் கொப்புளத்திலிருந்து அடுத்த கை, அங்கிருந்து இன்னொரு கை என்றுதான் ஊர் ஊராகப் போனது. யார் கையோ, என்ன சாதியோ என்று ஜனங்கள் தயங்கினார்கள். ராணியே குத்திக்கொண்டாள் என்றால் அப்புறம் என்ன சாக்கு? அதற்குத்தான் அந்தப் படம்.

இத்தனையும் சொல்லிவிட்டு, "பி.காம். படிச்சவன் சொல்றேன். இது தழும்பு இல்லம்மா, ரசீது. நீங்கள்லாம் குத்திக்கிட்டதாலதான் 1975-ல பெரியம்மை இந்தியாவை விட்டே ஓடுச்சு. எனக்கு அந்த ஊசியே தேவைப்படலை" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தாடா. குத்த வந்தப்போ உன் ஆயா அவளை ஒளிச்சு வெச்சுட்டா. நான் அவளைப் பார்த்ததே இல்லை."

இத்தனை வருஷத்தில் ஒருநாளும் சொன்னதில்லை.

முந்தானையைத் தானே விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தம்பி, இருக்கட்டும். இன்னொரு படம் எடு."