வலந்தலை செய்யும் கை

ஒருவர் செய்யும் தொழிலைக் கொண்டு அவருடைய மதிப்பை அளக்கும் வழக்கம் எல்லாத் துறைகளிலும் உண்டென்றாலும், அந்த அளவுகோல் எதனால் ஆனது என்பது மிருதங்கம் செய்யும் தொழிலில் தெரிவதைப்போல் வேறு தொழில்களில் அத்தனை வெளிப்படையாகத் தெரிவதில்லை. இங்கே ஒரே வாத்தியத்தை இருவர் தொடுகின்றனர். செய்பவரின் விரலும் வாசிப்பவரின் விரலும் அதே தோலின்மேல்தான் படுகின்றன. இருவரும் தேடுவதும் ஒரே நாதத்தைத்தான். ஆயினும் வாசிப்பவருக்கு வித்துவான் என்ற பெயரும், செய்பவருக்கு மிருதங்க வேலை செய்கிறவர் என்ற பெயரும் வழங்கி வந்திருக்கின்றன. வித்தைக்கும் வேலைக்கும் இடையிலான இந்தத் தொலைவு அறிவின் ஏற்றத்தாழ்வால் வந்ததா, கையில் படும் பொருளால் வந்ததா என்று கேட்பதற்கு முன், அந்த வேலை இன்னதென்று உள்ளிருந்து பார்ப்பது அவசியமாகிறது.

மிருதங்கத்தின் உடலாகிய கட்டை பலாமரத்தால் ஆனது. பண்ருட்டிப் பகுதிப் பலா இதற்குப் பெயர்பெற்றது. கட்டையின் சிறிய வாயை மூடும் பக்கம் வலந்தலை என்றும், பெரிய வாயை மூடும் பக்கம் தொப்பி என்றும் அழைக்கப்படும். கட்டையைக் குடைவதோடு தச்சரின் பணி முடிகிறது. அதைப் பேசவைப்பது தோல்வேலை செய்யும் கைவினைஞரின் பணி. வலந்தலைக்குப் பசுத்தோலும் ஆட்டுத்தோலும், இரு தலைகளையும் இழுத்துக் கட்டும் வாருக்கு எருமைத்தோலும் வேண்டும். தோலைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே இத்தொழிலின் அறிவு தொடங்கிவிடுகிறது. கன்று ஈன்ற பசுவின் தோல் வலந்தலைக்கு உகந்தது என்று கைவினைஞர் பலர் கருதுவர். ஒரே தோலில்கூட எல்லா இடமும் ஒரே கனம் உடையதன்று என்பதால், விரல்நுனியால் தடவியும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தும் எந்த இடத்தில் வட்டம் வெட்டுவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தோலுரிக்கும்போது கத்தி சற்றே ஆழமாகப் பட்ட இடம் கண்ணுக்குத் தப்பிவிட்டால், பல நாள் உழைப்புக்குப் பிறகு அந்த இடத்திலேயே தோல் கிழியும்.

தோல்களின் விளிம்பைச் சுற்றிப் பின்னப்படும் தடித்த வளையத்துக்கு மூட்டு என்று பெயர். அதில் வார் நுழைந்து செல்லும் 16 இடங்கள் கண்கள் எனப்படும். தரையில் அமர்ந்து, மிருதங்கத்தைப் பாதங்களால் உந்திப் பிடித்துக்கொண்டு, நனைந்த வாரை உடலின் முழு பலத்தோடும் இழுத்து இறுக்குவதை வார் பிடித்தல் என்பர். பார்ப்பவருக்கு வலுவை மட்டும் கேட்கிற வேலையாகத் தோன்றினாலும், ஒரு கண்ணின் இழுவை மற்றவற்றோடு ஒவ்வாவிட்டால் வலந்தலையைச் சுற்றி எங்கு தட்டினாலும் ஒரே சுருதி பேசாது என்பதால், இழுக்கிற கைக்குக் காதும் இருக்க வேண்டியிருக்கிறது. கச்சேரியில் வித்துவான் மூட்டின் மேற்புறத்தைக் கல்லால் தட்டிச் சுருதியை ஏற்றுவதும், கீழ்ப்புறத்தைத் தட்டி இறக்குவதும் எல்லோரும் கண்டதே; அடிப்படை இழுவை சீராக அமையாத வாத்தியத்தை அந்தத் தட்டு காப்பாற்றாது.

வலந்தலையின் நடுவில் கரிய வட்டமாகத் தெரிவது சாதம். சோறு, கரணை என்ற பெயர்களும் அதற்கு உண்டு. வெந்த சோற்றோடு, கிட்டான் என வழங்கும் கரிய கல்லின் பொடியைச் சேர்த்துப் பிசைந்த களியை மெல்லிய படலமாகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து உலர்த்தி, அதன்மேல் அடுத்த படலத்தைப் பூசி, மறுபடியும் தேய்த்து, இவ்வாறு மேலே செல்லச் செல்ல வட்டம் சுருங்கும்படி படலங்கள் ஏற்றப்படுகின்றன. தேய்ப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் உண்டாகின்றன. அவை குறையல்ல, அவ்வெடிப்புகள் இருப்பதால்தான் இத்தனை கனத்தைச் சுமந்தும் தோலால் வளைந்து அதிர முடிகிறது. அவசரப்பட்டுத் தடிமனாகப் பூசினால் சாதம் பெயர்ந்துவிடும்; அளவு மிஞ்சினால் நாதம் மந்தமாகும். எத்தனை படலங்கள் என்பதற்கு எண்ணிக்கை எதுவும் கிடையாது. ஒவ்வொரு தோலும் வேறு, ஒவ்வொரு கட்டையும் வேறு, வாசிக்கப்போகிறவரின் கையும் வேறு என்பதால், பூசுவதும் தேய்ப்பதும் தட்டிக் கேட்பதுமாக ஒவ்வொரு முறையும் புதிதாகவே விடை காண வேண்டியிருக்கிறது. தோல்களுக்கிடையே குச்சித் துணுக்குகளைச் செருகுவதா, கப்பி எனப்படும் நுண்கற்களை இடுவதா என்ற தேர்வும் இத்தகையதே. இரண்டும் சாப்பு என்னும் அடிக்கு வெவ்வேறு நிறம் தருகின்றன.

இந்தக் காதின் வேலை எத்தனை நுட்பமானது என்பதை இயற்பியல் பின்னர் எடுத்துச் சொன்னது. வட்டமாக இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலைத் தட்டும்போது எழும் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தோடு முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. அதனால் பெரும்பாலான கொட்டுக் கருவிகளில் தெளிவான சுருதி கேட்பதில்லை. சி.வி. ராமன் 1920-ஆம் ஆண்டிலேயே இப்பொருளைப் பற்றி எழுதி, 1934-ஆம் ஆண்டுக் கட்டுரையில் விரிவாக ஆராய்ந்து, மிருதங்கம், தபலா ஆகியவற்றின் தோல் சாதத்தின் சுமையால் ஐந்து இசைவுச் சுரங்களைத் தரும் நிலைக்கு வந்துவிடுகிறது என்று காட்டினார். நடுவில் எவ்வளவு கனம், விளிம்பை நோக்கி எவ்வளவு குறைவு என்ற கணக்கு சரியாக விழுந்தால்தான் இது நிகழும். நோபல் பரிசு பெற்ற ஒருவர் ஆய்வகத்தில் விளக்கிய அந்தக் கணக்கைத் திண்ணையில் அமர்ந்து கல்லால் தேய்த்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் பெற்ற விடை காகிதத்தில் எழுதப்படாமல், சுருதியாக நின்றது.

எனவே வித்தைக்கும் வேலைக்கும் இடையிலான அந்தத் தொலைவு அறிவால் வந்ததன்று. இறந்த விலங்கின் தோலைத் தொடுவது தீட்டு என்ற எண்ணமே அதன் வேர். தமிழ்நாட்டில் இத்தொழிலைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து கிளைத்த குடும்பங்களில் பல கிறித்தவம் தழுவியவை. மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயருக்கு நெடுங்காலம் மிருதங்கம் செய்து தந்த பர்லாந்து இம்மரபைச் சேர்ந்தவர். கருநாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ இக்குடும்பங்களின் வரலாற்றையும் தொழிலறிவையும் ஒரு நூலளவுக்கு விரிவாகப் பதிந்தது. விலங்கிலிருந்து வந்த தோல் மூட்டில் பின்னப்பட்டுச் சாதம் ஏறியதும் தெய்வீக வாத்தியமாகிப் பூசையறைக்குள் செல்கிறது. சரசுவதி பூசையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் இடப்படுகின்றன. அதைத் தெய்வீகமாக்கிய கைக்கு அந்த நுழைவு கிடைக்கவில்லை. பொருள் தன் பிறப்பின் தீட்டைக் கழித்துக்கொள்ள முடிகிறபோது மனிதரால் மட்டும் முடியாமல் போனது கொடுமை. அதற்குப் பழக்கம் என்ற பெயர் ஒருபோதும் போதாது.

தொழிலைப் பார்த்து ஆளை எடைபோடும் இவ்வரிசை மேடைக்கு வெளியே மட்டும் இருப்பதும் அன்று. வாய்ப்பாட்டு முன்னே, பக்கவாத்தியம் பின்னே, கடமும் கஞ்சிராவும் உபபக்கவாத்தியமாக அதற்கும் பின்னே என்ற படிநிலை கச்சேரிக்குள்ளேயே இருக்கிறது. 1928-இல் தோன்றிய சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு மிருதங்க வித்துவானை, மணி ஐயரை, வந்தடைய 1966 வரை ஆயிற்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவரின் தகுதியையும் வரிசையாகச் சொல்கிறது; தண்ணுமை என்னும் அந்தத் தோற்கருவியைச் செய்தவருக்கு அந்த வரிசையில் இடமில்லை. மானாமதுரையில் மண்ணால் கடம் செய்யும் மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. செய்பவரும் கலைஞரே என்று ஒரு தேசிய அமைப்பு ஒப்புக்கொண்ட தருணம் அது. மண் தீட்டுப் பொருளாகக் கருதப்படாத ஒன்று என்பதையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது.

கைவினைஞரும் இந்தத் தராசிலிருந்து முற்றிலும் விலகியவர் அல்லர் என்பதை மறைப்பது நேர்மையாகாது. வலந்தலைக்குச் சாதம் ஏற்றுபவர் தம்மை வார் பிடிப்பவருக்கு மேலாக எண்ணிக்கொள்வதும், இருவருமே விலங்கின் உடலிலிருந்து தோலை உரித்து மயிர் நீக்கித் தருபவரைத் தமக்குக் கீழாகக் கருதுவதும் நடக்கக்கூடியவை. ஆனால் கத்தி ஆழமாகப் படாமல் உரித்துத் தருகிற அந்தக் கை இல்லாமல் மேலே சொன்ன எதுவும் தொடங்குவதே இல்லை. ஒரு நல்ல தோல் கையில் கிடைக்கும் நாளில், அதை உரித்தவர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்கிற கைவினைஞரின் மிருதங்கம் நன்றாக அமைவது தற்செயல் அன்று.

கூலி மூட்டுக் கணக்கில் பேசப்படுகிறது. தொடர்ந்து வாசிக்கப்படும் வலந்தலை தேய்ந்து, சாதம் உதிர்ந்து, மறுபடியும் கைவினைஞரிடமே வருகிறது. அவருடைய வேலைக்கு நிலைத்து நிற்கும் சான்று என்று ஒன்று எஞ்சுவதில்லை. கச்சேரி அழைப்பிதழில் வாசிப்பவரின் பெயர் இருக்கும். செய்தவரின் பெயரை அச்சிடும் பழக்கம் இல்லை. இக்குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் படித்து வேறு பணிகளுக்குச் செல்கிறார்கள். அவர்கள் செல்வது நியாயமே. இழிவாகப் பார்க்கப்பட்ட ஒரு தொழிலைக் கலையின் பெயரால் தொடரச் சொல்லும் உரிமை, அதன் நாதத்தை மட்டும் கேட்டு மகிழ்ந்தவர்களுக்கு இல்லை. தோல்களுக்கு மாற்றாகச் செயற்கைப் படலங்களும், வாருக்கு மாற்றாகத் திருகாணிகளும் வந்துவிட்டன. அவை ஈரக்காற்றிலும் சுருதி பிசகாமல் நிற்கின்றன. இன்னும் தோலில் செய்பவர்கள், கடைசிப் படலத்தைத் தேய்த்து முடித்துக் கல்லைக் கீழே வைத்துவிட்டு, சுட்டுவிரலால் ஒருமுறை தட்டிக் கேட்கிறார்கள். போதும் என்று தோன்றினால் நிறுத்துகிறார்கள், இல்லையென்றால் மறுபடியும் களியைத் தொட்டு எடுக்கிறார்கள்.