30 கோல்ஃப் மைதானங்கள், ஒரே நகரம்... பணம் வற்றிய பிறகு இச்சிஹாராவில் என்ன நடந்தது?

டோக்கியோவிலிருந்து ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கோய் ஸ்டேஷன் வந்துவிடும். சிபா மாகாணத்தின் இச்சிஹாரா நகரத்துக்கு இதுதான் வாசல். இங்கே இறங்குபவர்களில் இரண்டு கூட்டங்களைச் சட்டென்று அடையாளம் கண்டுவிடலாம். கழுத்தில் கேமரா தொங்கினால், அவர் கொமினாதோ ரயில்வேயின் பழைய டீசல் ரயிலைத் தேடி வந்தவர். வசந்த காலத்தில் அந்தத் தண்டவாளத்தின் இருபுறமும் கடுகுப் பூப்போல மஞ்சள் பூத்துக் கிடக்கும். இன்னொரு கூட்டம் நேராக ஸ்டேஷனுக்கு வெளியே போய், காத்திருக்கும் கிளப் பஸ்ஸில் ஏறிவிடும். அவர்கள் கோல்ஃப் ஆட வந்தவர்கள். ஆனால் பலர் கையில் கோல்ஃப் பை இருக்காது. முந்தின நாளே அதை கூரியரில் மைதானத்துக்கு அனுப்பிவிடுவது ஜப்பானியர் வழக்கம்.

இச்சிஹாராவில் 30-க்கும் மேற்பட்ட கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. ஜப்பானில் வேறெந்த நகராட்சியிலும் இத்தனை கிடையாது. கடலோரம் பெட்ரோகெமிக்கல் ஆலைகள், உள்ளே போனால் சின்னச் சின்னக் குன்றுகள், அந்தக் குன்றுகளின் மேல் வெட்டிச் சீராக்கிய புல்வெளிகள். இவ்வளவு மைதானங்கள் எப்படி வந்தன, பணம் வற்றியபோது அவை என்ன ஆயின என்பது கொஞ்சம் பெரிய கதை.

தங்க விலை போல ஒரு உறுப்பினர் அட்டை

1957-ல் சைதாமா மாகாணத்தின் கசுமிகாசெகி கிளப்பில் நடந்த கனடா கோப்பையை ஜப்பான் அணி வென்றது. கோல்ஃப் மோகம் பிடித்தது அதன் பிறகுதான். 1980-களில் அது வெறியாகவே மாறியது. வட்டி குறைந்தது, நிலத்தின் விலை எகிறியது. 1989 டிசம்பர் 29 அன்று நிக்கேய் பங்குக் குறியீடு 38,915 புள்ளிகளைத் தொட்டது. அந்த நாட்களில் கோல்ஃப் கிளப் உறுப்பினர் உரிமையையும் பங்கு மாதிரியே வாங்கி விற்றார்கள். அதற்கென்று தரகர்கள், அதற்கென்று விலைக் குறியீடு. டோக்கியோ புறநகரில் இருக்கும் கொகானேய் கன்ட்ரி கிளப்பின் உறுப்பினர் உரிமை உச்சத்தில் 40 கோடி யென்னைத் தாண்டியது. இன்றைய கணக்கில் இருபது கோடி ரூபாய்க்கு மேல்! அதில் கிடைப்பது என்னவோ விளையாடும் உரிமை மட்டும்தான்.

வாடிக்கையாளரை கோல்ஃபுக்கு அழைத்துப் போய் உபசரிப்பது அன்று கம்பெனிகளின் பெரிய செலவுகளில் ஒன்று. பில் கம்பெனிக்குப் போகும்போது விலையை யார் பார்ப்பார்கள்?

ஒத்திப் பணம் புல்லாகிப் போன கதை

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. பல கிளப்கள் உறுப்பினரிடம் ஒரு பெரிய தொகையை டெபாசிட்டாக வாங்கின. நம் ஊரில் வீட்டை ஒத்திக்கு எடுப்போமே, கிட்டத்தட்ட அப்படி. வட்டி கிடையாது. பத்து ஆண்டு போல ஒரு காலம் கழிந்தபின் கேட்டால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும் என்பது ஒப்பந்தம். அந்தப் பணத்தை வைத்துத்தான் கிளப் நடத்தியவர்கள் நிலம் வாங்கினார்கள், குன்றை வெட்டினார்கள், பளிங்குத் தரை போட்ட கிளப் ஹவுஸ் கட்டினார்கள். மைதானமே தொடங்கும் முன் உரிமையை விற்ற இடங்களும் உண்டு.

விலை ஏறும்வரை டெபாசிட்டை யாரும் திரும்பக் கேட்கவில்லை. வெளியே தரகரிடம் விற்றால் அதைவிட அதிகம் கிடைக்கும்போது ஏன் கேட்க வேண்டும்? 1990-களில் பொருளாதாரம் சரிந்து, சந்தை விலை டெபாசிட்டுக்கும் கீழே போனபோது எல்லோரும் ஒரே நேரத்தில் கிளப் வாசலில் வந்து நின்றார்கள். கொடுக்கப் பணம் இல்லை. அது புல்லாகவும் பளிங்காகவும் மாறி வருஷங்கள் ஆகியிருந்தன.

கிளப்கள் முதலில் தவணையைத் தள்ளிப்போட்டன. பிறகு வரிசையாக திவால். ஓய்வுக்காலச் சேமிப்பு என்று நம்பி வங்கிக் கடன் வாங்கி உறுப்பினரான சம்பளக்காரர்களுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. போட்டதில் மிகச் சிறு பங்குதான் பலருக்குத் திரும்பி வந்தது. கடன் தவணை மட்டும் குறையவில்லை.

இதில் பெரிய ஆட்களும் தப்பவில்லை. 1990-ல் மினோரு இசுதானி என்ற ஜப்பானியத் தொழிலதிபர் அமெரிக்காவின் புகழ்பெற்ற பெபிள் பீச் கோல்ஃப் மைதானத்தை 80 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். இரண்டே ஆண்டில் சுமார் 50 கோடி டாலருக்கு அது கைமாறியது.

விழுந்த மைதானங்களைப் பொறுக்கி எடுக்க அமெரிக்கப் பண முதலைகள் வந்தன. கோல்ட்மேன் சாக்ஸ் வாங்கியவை அக்கோர்டியா என்ற பெயரிலும், லோன் ஸ்டார் வாங்கியவை பி.ஜி.எம். என்ற பெயரிலும் பெரிய சங்கிலிகளாயின. இன்று இரண்டுமே ஹெய்வா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கையில். அது பச்சிங்கோ சூதாட்ட இயந்திரம் செய்யும் கம்பெனி என்பதுதான் வேடிக்கை.

எதை விட்டார்கள், எதை விடவில்லை?

கம்பெனி பில் நின்றதும் கோல்ஃபர்கள் சொந்தப் பர்ஸைத் திறக்க வேண்டியதாயிற்று. முதலில் போனது கேடி. பையைச் சுமந்து, தூரம் சொல்லி, கூடவே நடந்து வரும் பெண்கள் ஜப்பானிய கோல்ஃபின் அடையாளமாக இருந்தவர்கள். அவர்கள் இடத்துக்கு பேட்டரி கார் வந்தது. நான்கு பேர் ஏறி, தாங்களே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த வேலையை நம்பியிருந்த கிராமத்துக் குடும்பங்களுக்கு அது சாதாரண மாற்றமல்ல.

அடுத்து, பழைய கோல்ஃப் மட்டைகளை வாங்கி விற்கும் சங்கிலிக் கடைகள் முளைத்தன. மைதானத்தை இணையத்தில் விலை ஒப்பிட்டு புக் செய்யும் பழக்கம் வந்தது. உறுப்பினர் அல்லாதவரை ஏறெடுத்தும் பார்க்காத கிளப்கள்கூட, மதிய உணவு சேர்த்து இவ்வளவுதான் என்று திங்கட்கிழமைச் சலுகை போடத் தொடங்கின. துணைக்கு ஆள் கிடைக்காதவர் தனியாக புக் செய்து, முன்பின் தெரியாத மூவரோடு சேர்ந்து ஆடலாம்.

ஆனால் ஒன்பது குழி முடிந்ததும் கிளப் ஹவுஸில் உட்கார்ந்து சாப்பிடுவதையும், ஆட்டம் முடிந்ததும் பெரிய வெந்நீர்த் தொட்டியில் குளிப்பதையும் பெரும்பாலானோர் விடவில்லை. இடைவேளை இல்லாமல் ஆடினால் பணமும் நேரமும் மிச்சம்தான். இருந்தும் அந்தச் சாப்பாடும் குளியலும் இல்லாவிட்டால் ஒரு நாள் வெளியே போய் வந்த திருப்தி வராது என்று நினைக்கிறார்கள் போல.

இன்னொன்றையும் விடவில்லை: ஹோல்-இன்-ஒன் இன்ஷூரன்ஸ்! ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் தள்ளிவிட்டால் நண்பர்களுக்கு விருந்தும் பரிசும் கொடுத்தாக வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். அதிர்ஷ்டம் அடித்தால் வரும் அந்தச் செலவைச் சமாளிக்க ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுகிறார்கள். பஞ்ச காலத்திலும் மானம் முக்கியம்!

800 யென் செய்த வேலை

இச்சிஹாராவுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. டோக்கியோ வளைகுடாவை சுரங்கம், பாலம் இரண்டாலும் கடக்கும் அக்குவா லைன் சாலை 1997 டிசம்பரில் திறந்தபோது காருக்கு ஒருவழிக் கட்டணம் 4,000 யென். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 2009-ல் மின்னணு முறையில் கட்டுவோருக்கு அதை 800 யென்னாக, அதாவது சுமார் 450 ரூபாயாகக் குறைத்தார்கள். (வார இறுதி மாலையில் டோக்கியோ திரும்பும் பக்கம் இப்போது கொஞ்சம் கூடுதல்.) நான்கு நண்பர்கள் ஒரே காரில் வந்தால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை. சிபாவின் மைதானங்கள் தலை தூக்க இது பெரிய காரணம்.

தூரத்து மாகாணங்களுக்கு அப்படியொரு பாலம் வாய்க்கவில்லை. கியோட்டோவின் ஃபுஷிமி பகுதியில் கைவிடப்பட்ட கோல்ஃப் மைதானத்தில் இன்று 23 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. மரங்கள் ஏற்கெனவே வெட்டப்பட்ட, வெயில் நன்றாக விழும் நிலம். சோலார் பலகைக்கு வேறென்ன வேண்டும்?

இச்சிஹாரா நகராட்சிக்கு வேறொரு கவலை. கோல்ஃப் ஆடும் ஒவ்வொருவரும் தலைக்கு ஒரு வரி கட்ட வேண்டும். நாளொன்றுக்கு அடிப்படை விகிதம் 800 யென், உச்சவரம்பு 1,200. அதில் 70 சதவிகிதம் மைதானம் இருக்கும் ஊருக்கே போகிறது. ஆனால் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வரி கிடையாது. போருக்குப் பின் பிறந்து, பணக்காலத்தில் மட்டையைப் பிடித்த தலைமுறை இப்போது எழுபதுகளின் பிற்பகுதியில் இருக்கிறது. அவர்கள் ஆடினாலும் ஊருக்கு வரி இல்லை. ஆடாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் மைதானத்துக்கே ஆள் இல்லை. கொரோனா காலத்தில் திறந்தவெளி விளையாட்டு என்று இளைஞர்கள் கொஞ்சம் பேர் வந்தார்கள். யென் மதிப்பு சரிந்ததால் தென் கொரியர்களும் ஜப்பானிய மைதானங்களுக்கு வருகிறார்கள். எரிபொருள், உரம், கூலி எல்லாம் ஏறியிருப்பதால் கட்டணமும் மெல்ல ஏறுகிறது.

போக நினைப்பவர்களுக்கு: வார நாள் மலிவு. கடுங்குளிரும் கடும் வெயிலும் இன்னும் மலிவு. மட்டை, ஷூ வாடகைக்குக் கிடைக்கும். கிளப் ஹவுஸுக்குள் நுழைய கோட் கேட்கும் மைதானங்கள் இன்னும் இருக்கின்றன. கோய் ஸ்டேஷனிலிருந்து பஸ் உண்டா, அதற்கும் தனியாக முன்பதிவு வேண்டுமா என்பதை புக் செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.