நான் நிரப்பாமல் விட்ட கட்டம்

லண்டனில் சொலிசிட்டராக இருந்தபோது, ஒரு மனிதரை அவருடைய சொந்த விவகாரத்திலேயே வெளியே நிறுத்தினேன். மறதியால் அல்ல, தெரிந்தே செய்தேன்.

உணவுக்கடை ஒன்றுக்குப் புகைபோக்கி வைக்க கவுன்சில் கொடுத்த பிளானிங் பர்மிஷனை எதிர்த்து, தெருவாசிகள் சிலருக்காக நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன். இப்படிப்பட்ட வழக்கில் எதிர்த்தரப்பு கவுன்சில்தான். அனுமதி வாங்கியவர் ‘இன்டரஸ்டட் பார்ட்டி’, அதாவது வழக்கால் நேரடியாகப் பாதிக்கப்படுகிறவர். சிவில் நடைமுறை விதி 54.7இன்படி, மனு பதிவான 7 நாளுக்குள் அவருக்கும் நகல் சேர வேண்டும். அவர் பதில் தர 21 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அப்படிப்பட்டவர் யார் என்பதை அந்த விதி முதலில் வழக்குப் போடுகிறவரின் நேர்மைக்கே விட்டிருக்கிறது. அங்கேதான் நான் தவறினேன்.

என்461 படிவத்தில் இதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. கடைக்காரரின் பெயர் என் மேசைமேல் கிடந்த அனுமதி ஆணையிலேயே இருந்தது. கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

மனசாட்சிக்கு முல்டூன் வழக்கைக் காட்டிக்கொண்டேன். லிவர்பூல் கவுன்சில் தரும் வாடகை உதவியில் 95 சதவீதத்தை மத்திய அரசு ஈடுகட்டினாலும், அமைச்சர் நேரடியாகப் பாதிக்கப்படுபவர் அல்ல, நடுவில் கவுன்சில் நிற்கிறது என்று 1996இல் பிரபுக்கள் சபை சொன்னது. என் வழக்கில் நடுவில் யாரும் இல்லை. அனுமதி ரத்தானால் அந்த நொடியே கடைக்காரரின் உரிமை போய்விடும். இது எனக்கு அப்போதே தெரியும்.

அவரைச் சேர்த்தால் செலவு ஏறும் என்று கட்சிக்காரர்களிடம் சொன்னேன். அதுவும் பாதி உண்மைதான். பிளானிங் வழக்கில் தோற்றவர் இரண்டு தரப்புக்கும் தனித்தனியே செலவுத்தொகை கட்ட நேர்வது அரிது. என் பயம் வேறு. அவர் இரைச்சல் அளவீடு எடுத்து வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கவுன்சில் தவறே செய்யாவிட்டாலும் முடிவு அநேகமாக இதேதான் என்று தெரிந்தால், 1981ஆம் ஆண்டின் மூத்த நீதிமன்றங்கள் சட்டப்படி பொதுவாக நிவாரணம் மறுக்கப்படும். அந்தக் காகிதம் நீதிபதியின் கைக்குப் போகக்கூடாது என்று நினைத்தேன்.

கடைக்காரரை ஏன் சேர்க்கவில்லை என்று கவுன்சிலின் வக்கீலும் கேட்கவில்லை. நடைமுறைப் பிழையை அவர்கள் ஒப்புக்கொள்ள, கன்சென்ட் ஆர்டரில், அதாவது தரப்புகள் ஒப்புக்கொண்டு பெறும் ஆணையில், இரண்டே கையெழுத்துடன், விசாரணையே இல்லாமல் அனுமதி ரத்தானது. கடைக்காரரும் ஒரு தரப்பாக இருந்திருந்தால் அவர் சம்மதம் வேண்டியிருக்கும்.

பிறகு கடைக்காரர் எனக்குப் போன் செய்தார். “என் கடை விஷயம், எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே” என்றார். கவுன்சிலைக் கேளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். எதிர்பக்கத்தவருக்குச் சட்ட ஆலோசனை சொல்வது என் வேலை அல்ல. ஆனால் உடனே ஒரு சொலிசிட்டரைப் பாருங்கள் என்று சொல்வதை யாரும் தடுக்கவில்லை. நான் சொல்லவில்லை. அந்த வழக்கில் என் கட்சிக்காரர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. முழுக் குற்றமும் என்னுடையது.

அவரிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன். இங்கிலாந்தில் உங்களை நேரடியாகப் பாதிக்கும் ஆணை ஒன்று நீங்கள் அறியாமலே பிறந்திருந்தால், நீங்கள் தரப்பாக இல்லாவிட்டாலும் அதை நீக்கவோ மாற்றவோ கேட்டு விதி 40.9இன் கீழ் மனு போடலாம். தெரிந்த அன்றே போடுங்கள்.